கடைசியாகத் தொட்ட கை

திருவல்லிக்கேணியில் என் சிநேகிதர் ஒருவர், புத்தகங்களுக்கு எழுத்துக் கோத்துப் பக்கம் அமைத்துக் கொடுக்கும் தொழிலை நடத்தி வருகிறார். கீழே பாத்திரக் கடை. அதை ஒட்டி ஒரு குறுகலான மாடிப்படி. மேலே இரண்டு அறைகள். அந்த இரண்டு அறைகளில் ஐந்து கம்ப்யூட்டர்கள், ஐந்து நாற்காலிகள், ஒரு மின்விசிறி, எப்போதும் ஆறிப்போன ஒரு ஃபிளாஸ்க் காபி. என் நாவல்களில் நான்கு அங்கேதான் உருப்பெற்றன.

இரண்டாவது அறையின் மூலையில், பழைய மர பீரோவுக்குப் பின்னால், கறுப்பாக ஒரு பெட்டி இருக்கிறது. அதற்குத் திரை கிடையாது. தட்டுவதற்குப் பலகை கிடையாது. பச்சை விளக்கு ஒன்று மட்டும் கண் சிமிட்டிக்கொண்டே இருக்கும். ஆயுத பூஜையன்று வைத்த சந்தனமும் குங்குமமும் அதன் நெற்றியில் இன்னும் ஒட்டிக்கொண்டிருக்கின்றன. அந்த அறைக்குள் நுழையும்போதெல்லாம் நான் அந்தப் பெட்டியைப் பார்த்துச் சற்றே தலை குனிகிறேன். பக்தியினால் அல்ல, வெட்கத்தினால். அந்த வெட்கக் கதையைத்தான் இப்போது சொல்லப் போகிறேன்.

எனக்கும் யந்திரங்களுக்கும் ஜன்மப் பகை. கல்லூரிப் படிப்பைப் பாதியில் விட்டவன் நான். இருந்த வரையிலும் கணக்கு வகுப்பில் ஜன்னலுக்கு வெளியேதான் பார்த்துக்கொண்டிருந்தேன். ஆகையால் இந்தக் கட்டுரையில் ஏதாவது தெளிவாக இருந்தால் அந்தப் பெருமை என் அக்கா பிள்ளையைச் சேரும். தெளிவில்லாத இடங்கள் என் சொந்தச் சொத்து.

முன்பெல்லாம் அந்த அறைகளில் கோப்புகள் பென் டிரைவில் பிரயாணம் செய்தன. முதல் மேஜையில் அடித்த அத்தியாயம், விரல் நீளத் துண்டு ஒன்றில் ஏறி மூன்றாவது மேஜைக்குப் போகும். அங்கே திருத்தம் போட்டதும் ஐந்தாவது மேஜைக்குப் போகும். சில சமயம் என் சட்டைப் பையில் ஏறி என் வீட்டுக்கும் வரும். ஒரே அத்தியாயத்துக்கு ஆறு பிரதிகள். 'புதியது', 'மிகப் புதியது', 'கடைசி', 'உண்மையான கடைசி' என்று பெயர்கள். எது உண்மையிலேயே கடைசி என்பது பகவானுக்குத்தான் வெளிச்சம்.

அப்படிப்பட்ட நாட்களில்தான் என் நாவலின் பதினான்காம் அத்தியாயம் காணாமல் போயிற்று. முழுவதும் அல்ல. அதில் கதாநாயகியின் தாயார் ஆஸ்பத்திரியில் இறக்கும் இடம் எனக்குத் திருப்தியாக அமையவில்லை. பிழை திருத்தும் தாளின் ஓரத்திலும், பிறகு பின்பக்கத்திலுமாக, ஓர் இரவு முழுக்க உட்கார்ந்து ஒரு பக்கம் புதிதாக எழுதினேன். ஓர் எழுத்தாளனுக்கு வருஷத்தில் ஒரு தடவை, இரண்டு தடவை, தான் எழுதவில்லை, யாரோ சொல்லச் சொல்ல எழுதுகிறோம் என்று தோன்றும் அல்லவா? அந்தப் பக்கம் அப்படி வந்தது. அங்கே எழுத்துக் கோக்கும் பெண் அதை அடித்துச் சேர்த்தாள். நானும் சரி பார்த்தேன். தாள் வழக்கம்போலப் பழைய பேப்பர்காரனுக்குப் போயிற்று. ஒரு வாரம் கழித்து அச்சுக்கு அனுப்பும் வேளையில் பார்த்தால், அந்தப் பக்கம் இல்லை. மூன்று நாள் திருத்தங்களும் இல்லை. பழைய பதினான்காம் அத்தியாயம் ஒன்றும் தெரியாத குழந்தை போல் அங்கே உட்கார்ந்திருந்தது.

நான் கத்தினேன். என்ன சொன்னேன் என்பதையெல்லாம் இங்கே எழுத எனக்கு மனம் இல்லை. "கவனம் வேறெங்கேயோ இருந்தால் இந்த வேலைக்கு ஏன் வருகிறாய்?" என்று கேட்டது மட்டும் ஞாபகம் இருக்கிறது. அந்தப் பெண் எழுந்து நின்றாள். "நான் அழிக்கலைங்க சார்" என்றாள். அவ்வளவுதான். அதற்குமேல் ஒரு வார்த்தை இல்லை. மறுபடியும் உட்கார்ந்து வேறொரு புத்தகத்தை அடிக்கத் தொடங்கினாள். அந்தப் பக்கத்தை நான் திரும்ப எழுதிக் கொடுத்தேன். புத்தகம் வெளிவந்தது. படித்தவர்கள் நன்றாகத்தான் இருக்கிறது என்றார்கள். எனக்கு மட்டும் தெரியும், அது வேறு பக்கம் என்று.

இதைக் கேள்விப்பட்ட என் அக்கா பிள்ளை ஒரு ஞாயிற்றுக்கிழமை வந்தான். கம்ப்யூட்டர்களைப் பிணைக்கும் வேலைதான் அவனுக்குப் பிழைப்பு. "மாமா, தப்பு அந்தப் பொண்ணு மேல இல்ல. ஏற்பாட்டு மேல. ஒரே கோப்பு ஒரே இடத்துல இருக்கணும். எல்லாரும் அங்க வந்து எடுத்துக்கணும்" என்றான்.

எங்கள் தாத்தா வீட்டில் ஒரு பத்தாயம் உண்டு. நான்கு மகன்களும் ஒரே கூரையின்கீழ்த் தனித்தனிச் சமையல். ஆனால் நெல் மட்டும் பொதுப் பத்தாயத்தில். அளந்து எடுத்துக்கொண்டு சுவரில் கரிக்கோடு போட வேண்டும். பையன் சொன்னதும் இதே பத்தாயம்தான். அதற்குப் பெயர் கோப்புச் சேவையகமாம்.

மூலையில் தூசி படிந்து கிடந்த பழைய கம்ப்யூட்டர் ஒன்றையே அவன் எடுத்துக்கொண்டான். அதற்குள் ஒரே அளவான இரண்டு வட்டுகளைப் பொருத்தினான். ஒன்றில் எழுதுவது மற்றொன்றிலும் அப்படியே பதியும். ஒன்று செத்தாலும் மற்றது இருக்கும். "அப்போது இனிமேல் எதுவும் தொலையாது!" என்றார் சிநேகிதர் பூரிப்போடு. "அழிச்சீங்கன்னா ரெண்டுலயும் சேர்ந்து அழியும் சார். இது வட்டு சாகறதுக்கு வைத்தியம். மனுஷன் பண்ற தப்புக்கு வைத்தியம் வேற" என்றான் பையன். நான் அந்தப் பெண் இருந்த பக்கம் பார்த்தேன். அவள் திரும்பவில்லை.

பெட்டிக்குள் அவன் குடியேற்றியது லினக்ஸ். அது யூனிக்ஸ் என்ற பெரிய குடும்பத்தின் வழி வந்தது. யூனிக்ஸ் 1969-ல் அமெரிக்காவின் பெல் ஆய்வுக்கூடத்தில் கென் தாம்ஸனும் டென்னிஸ் ரிட்சியும் தொடங்கி வைத்தது. அந்த முறையை ஒட்டி, 1991-ல் ஹெல்சிங்கியில் மாணவராக இருந்த லினஸ் டோர்வால்ட்ஸ் எழுதத் தொடங்கியது லினக்ஸ். ஒரே யந்திரத்தைப் பல பேர் பங்கு போட்டுக்கொள்ள வேண்டும் என்ற எண்ணத்திலேயே யூனிக்ஸ் வளர்ந்தது. அதனால் யார் எஜமானன், யார் உறவு, யார் அயலான் என்ற கேள்வி அதன் ரத்தத்திலேயே ஊறிக் கிடக்கிறது.

ஆனால் மேஜைகளில் இருந்த ஐந்தும் விண்டோஸ் யந்திரங்கள். அவை பேசும் பாஷை வேறு. கோப்புகளைக் கேட்டு வாங்குவதற்கு அவை உபயோகிக்கும் பேச்சு முறைக்கு எஸ்.எம்.பி. என்று பெயர். 1983-ல் ஐ.பி.எம். கம்பெனியில் பாரி ஃபைகன்பாம் என்பவர் வகுத்தது. பின்னால் மைக்ரோஸாஃப்ட் அதை எடுத்துத் தன் வழியில் வளர்த்துக்கொண்டது. யூனிக்ஸ் பெட்டிக்கு அந்தப் பாஷை தெரியாது. வாசலில் வந்து நிற்பவர்கள் எல்லோரும் அந்தப் பாஷைக்காரர்கள். நடுவே ஒரு துபாஷி வேண்டும்.

"அந்தத் துபாஷிக்குப் பேர் சம்பா" என்றான் பையன்.

சிநேகிதர் தஞ்சாவூர் ஜில்லாக்காரர். "சம்பாவா? குறுவை அறுத்தாச்சோ?" என்றார். அறையில் எல்லோரும் சிரித்தோம். அந்தப் பெண்கூடச் சிரித்தாள். பல வாரங்களுக்குப் பிறகு அவள் சிரித்து அன்றுதான் பார்த்தேன்.

பெயருக்குப் பின்னால் ஒரு கதை உண்டு. ஆஸ்திரேலியாவில் கான்பெரா நகரத்துத் தேசியப் பல்கலைக்கழகத்தில் ஆராய்ச்சி மாணவராக இருந்தவர் ஆண்ட்ரூ ட்ரிட்ஜெல். 1991-ம் வருஷக் கடைசியில் அவருக்கு ஒரு சங்கடம் வந்தது. தம் மேஜைக் கம்ப்யூட்டரிலிருந்து யூனிக்ஸ் யந்திரத்தின் கோப்புகளை எடுக்க வேண்டும். அதற்கான பேச்சு முறை எங்கேயும் எழுதி வைக்கப்பட்டதாக அவருக்குத் தெரியாது. அவர் என்ன செய்தார்? இரண்டு யந்திரங்கள் பேசிக்கொள்வதைக் கம்பியில் ஒட்டுக் கேட்டார். ஒன்று இப்படிக் கேட்டால் மற்றது இப்படிப் பதில் சொல்கிறது என்று குறித்துக்கொண்டே போனார். பின்னாளில் அவரே இதற்கு ஓர் உவமை சொல்லியிருக்கிறார்: பிரெஞ்சு தெரியாத ஒருவன் பிரெஞ்சுக் காபிக் கடையில் போய் உட்கார்ந்து, யார் எதைக் கேட்டால் பரிசாரகன் எதைக் கொண்டுவந்து வைக்கிறான் என்று பார்த்துப் பார்த்தே பாஷையைக் கற்றுக்கொள்வது போல என்று. எனக்கு இது உடனே விளங்கிவிட்டது. என் பாட்டி குழாயடியில் தெலுங்கு கற்றுக்கொண்டது இப்படித்தான்.

1992 ஜனவரியில் அந்தப் புரோகிராமை ஊருக்குப் பொதுவாக விட்டுவிட்டு அவர் தம் படிப்பைப் பார்க்கப் போய்விட்டார். ஏறக்குறைய இரண்டு வருஷம் அது தூங்கிற்று. பிறகு தம் மனைவியின் விண்டோஸ் கம்ப்யூட்டரையும் தம் லினக்ஸையும் பிணைக்க நினைத்தார். வேறு வழி தோன்றாமல் தம் பழைய புரோகிராமையே போட்டுப் பார்த்தார். வேலை செய்தது! தம் கைவேலையைக் கண்டு தாமே ஆச்சரியப்பட்டாராம். மனைவியோடு பங்கு போட்டுக்கொள்ளப் போய் உலகத்தோடு பங்கு போட்டுக்கொண்ட மனிதர் அவர். முதலில் வைத்த பெயரில் வேறொரு கம்பெனியின் உரிமை குறுக்கிட்டது. எஸ், எம், பி என்ற மூன்று எழுத்துகளும் அதே வரிசையில் வரும் சொற்களை அகராதியில் தேடச் சொன்னார். கம்ப்யூட்டர் கொடுத்த சிறு பட்டியலில் 'சம்பா' இருந்தது. அது பிரேஸில் தேசத்து நாட்டியத்தின் பெயர். நம் நெல்லுக்கும் அதற்கும் சம்பந்தம் இல்லை.

பல வருஷங்கள் அந்தத் துபாஷிகள் ஒட்டுக் கேட்டே காலம் தள்ளினார்கள். 2004-ல் ஐரோப்பியக் கமிஷன் மைக்ரோஸாஃப்டுக்கு எதிராகத் தீர்ப்பளித்து, அந்தப் பேச்சு முறையின் விவரங்களைப் பிறருக்குத் தர வேண்டும் என்றது. மேல்முறையீட்டிலும் 2007 செப்டம்பரில் அதுவே உறுதியாயிற்று. அந்த வருஷம் டிசம்பரில், 10,000 யூரோ ஒரு தடவை கட்டணத்துக்கு, சம்பாக்காரர்களின் கையில் இலக்கணப் புஸ்தகம் வந்து சேர்ந்தது. குழாயடியில் கற்ற பாஷைக்குப் பதினைந்து வருஷம் கழித்து நன்னூல் கிடைத்த மாதிரி.

இனி அன்றைய வேலைக்கு வருகிறேன். இந்தத் துபாஷிக்குக் கட்டளையிட ஏதோ பிரும்ம வித்தை தேவை என்று எண்ணியிருந்தேன். பார்த்தால் ஒரே ஒரு சாதாரணக் கோப்பு. தபால் கார்டில் எழுதுவது போல் வரிவரியாக எழுதியிருக்கிறது. முதல் பகுதியில் வீட்டுக்குப் பொதுவான விதிகள்: இந்தப் பெட்டியின் பெயர் என்ன, எந்தக் குழுவைச் சேர்ந்தது, முன்பின் தெரியாதவன் வந்தால் என்ன செய்வது. அதற்குக் கீழே ஒவ்வொரு அறைக்கும் ஒரு பகுதி: அறையின் பெயர், வட்டில் அது இருக்கும் இடம், யார் யார் உள்ளே வரலாம், வந்தவர் வாசிக்க மட்டுமா, எழுதவுமா. எழுதி முடித்ததும் 'டெஸ்ட்பார்ம்' என்று ஒரு கட்டளை. எழுத்துப்பிழை இருந்தால் அது சொல்லிவிடும். என் கையெழுத்துப் பிரதிக்கும் அப்படி ஒன்று இருந்தால் தேவலை என்று நினைத்தேன்.

ஒவ்வொருவருக்கும் இரண்டு இடங்களில் பெயர் பதிய வேண்டியிருந்தது. யூனிக்ஸ் தன் ரகசியச் சொற்களை ஒரு விதமாகக் குழப்பி வைத்திருக்கிறது. விண்டோஸ் எதிர்பார்ப்பது வேறு விதக் குழப்பம். ஒன்றைக் கொண்டு மற்றொன்றைக் கண்டுபிடிக்க முடியாது. ஆகையால் சம்பாவுக்கென்று தனிப் பதிவு. புக்ககத்தில் ஒரு பெயர், பிறந்த வீட்டில் ஒரு பெயர் என்று வாழும் பெண்களைப் போல.

பிறகு உரிமைகள். யூனிக்ஸில் ஒவ்வொரு கோப்புக்கும் மூன்று உறவுகள்: உடையவன், அவன் குழு, மற்ற உலகம். ஒவ்வோர் உறவுக்கும் மூன்று உரிமைகள்: வாசிக்க 4, எழுத 2, இயக்க 1. கூட்டிப் போட்டால் ஒரு இலக்கம். 664 என்றால் உடையவனும் குழுவும் வாசிக்கலாம், எழுதலாம். மற்றவர் வாசிக்க மட்டும். மூன்றே இலக்கங்களில் ஒரு கூட்டுக் குடும்பத்தின் பாகப் பிரிவினையே அடங்கிவிடுகிறது!

"யாருக்கு என்ன உரிமை சொல்லுங்க" என்றான் பையன்.

சிநேகிதர் தாராள மனசு. "எல்லாருக்கும் எல்லாம்" என்றார்.

நான் தொண்டையைக் கனைத்துக்கொண்டேன். "என் நாவல் இருக்கும் அறையில் அந்தப் பெண்ணுக்கு வாசிக்கும் உரிமை மட்டும் போதும்" என்றேன். தணிந்த குரலில்தான் சொன்னேன். ஆனால் அந்த அறை சின்ன அறை.

பையன் என்னை ஏற இறங்கப் பார்த்தான். "அப்ப திருத்தமெல்லாம் யார் மாமா போடுவாங்க? நீங்களா?" என்றான்.

என்னிடம் பதில் இல்லை. ஆனாலும் என் சந்தேகம் விடவில்லை. "சரி, யார் எந்தக் கோப்பை எப்போது தொட்டார்கள் என்று கணக்கு வைக்க வழி உண்டா?" என்று கேட்டேன். உண்டு என்றான். இன்னும் சில வரிகள் எழுதினான். அன்று முதல் ஒவ்வொரு கோப்பையும் எந்தப் பெயரில், எந்த யந்திரத்திலிருந்து, எத்தனை மணிக்குத் திறந்தார்கள், எழுதினார்கள், அழித்தார்கள் என்று பெட்டி குறிப்பெழுதத் தொடங்கிற்று. தாத்தா வீட்டுக் கரிக்கோடு. யாரைப் பிடிக்க அந்தக் கோட்டை நான் கேட்டேன் என்பது எனக்கும் தெரியும், பையனுக்கும் தெரியும், அவளுக்கும் தெரியும்.

கடைசியாக மனிதத் தப்புக்கு வைத்தியம். தனியாக ஒரு வட்டை வெளியே வைத்து, தினமும் நள்ளிரவில் பெட்டியில் உள்ளதையெல்லாம் அதில் பிரதி எடுக்கச் சொன்னான். மாறாதவற்றைத் திரும்ப எழுதாமல் மாறியதை மட்டும் எழுதுகிற சாமர்த்தியம் அதற்கு இருந்தது. முப்பது நாளைய நிலைமையும் தனித்தனியாகக் கிடைக்கும். அந்தக் கருவியின் பெயர் ஆர்ஸிங்க். 1996-ல் வந்தது. எழுதியவர்களில் ஒருவர் அதே கான்பெரா மனிதர், ட்ரிட்ஜெல்!

மறு வாரமே சில்லறைத் தொல்லைகள் ஆரம்பித்தன. பெட்டி இருக்கிறது, விளக்கு எரிகிறது. ஆனால் மேஜைக் கம்ப்யூட்டரின் ஜன்னலில் அதன் பெயர் தோன்றவில்லை. பழைய நாளில் எஸ்.எம்.பி.யின் முதல் பதிப்பு தெருவில் கூவி விற்பவனைப் போல் தன் பெயரைக் கூவிக்கொண்டிருக்குமாம். அந்தப் பதிப்பில் ஒரு துவாரத்தைப் பிடித்துக்கொண்டு 2017 மே மாதத்தில் 'வான்னக்ரை' என்ற கொள்ளைப் புரோகிராம் உலகமெல்லாம் விண்டோஸ் யந்திரங்களைப் பூட்டிப் பணம் கேட்டது. அந்த வருஷக் கடைசியிலிருந்து புது விண்டோஸ்களில் முதல் பதிப்பைத் தானாகப் போடுவதை நிறுத்தினார்கள். 2019-ல் சம்பாவும் அதைச் சாத்திவிட்டது. கூவுவது நின்றதால் பெயர் தெரியவில்லை. முகவரி சொல்லித் தட்டினால் கதவு திறந்தது. "பழைய பதிப்பைத் திரும்பத் திறந்து வெச்சா பேர் தெரியும். ஆனா திருடனுக்கும் தெரியும்" என்றான் பையன். முகவரியை ஒரு காகிதத்தில் எழுதி ஐந்து மேஜைகளிலும் ஒட்டினோம்.

அடுத்தது, அந்தப் பெண் புதிதாகச் சேமித்த கோப்பை மற்றவர்களால் திருத்த முடியவில்லை. "பார்த்தீர்களா?" என்றேன் நான். அதுவும் அவள் தப்பல்ல. வேறு ஒன்றும் சொல்லாவிட்டால் சம்பா புதுக் கோப்புக்கு 744 வரைதான் உரிமை தரும். குழுவுக்கு வாசிப்பு மட்டும். அதை 664 ஆக்கி, அந்த அறையில் பிறக்கும் கோப்பெல்லாம் அறையின் குழுவுக்கே சொந்தமாகப் பிறக்கும்படி அமைத்ததும் சரியாயிற்று.

மூன்றாவது தொல்லை சாட்சாத் என்னுடையது. ஒரு கட்டுரைக் கோப்புக்கு அதன் முழுத் தலைப்பையும் தமிழில் பெயராக வைத்துச் சேமித்தேன். பெட்டி ஏற்க மறுத்தது. கோப்பின் பெயருக்கு அங்கே 255 'பைட்' இடம் உண்டு. ஆங்கில எழுத்து ஒன்றுக்கு ஒரு பைட். தமிழ்க் குறி ஒன்றுக்கு மூன்று. கொம்பு, கால், புள்ளி எல்லாவற்றுக்கும் தனித்தனிக் கூலி. ஆக 85 குறிகளுக்கு மேல் போனால் கதவு சாத்திவிடும். எழுத்தாளனுக்குச் சுருக்கமாகத் தலைப்பு வைக்க இதைவிட நல்ல ஆசான் கிடையாது.

இப்படியாக ஏழெட்டு மாதங்கள் ஓடின. இரண்டு பேர் ஒரே கோப்பைத் திறந்தால், 'இன்னார் எழுதிக்கொண்டிருக்கிறார், நீங்கள் வாசிக்கலாம்' என்று இரண்டாமவருக்குச் சேதி வரும். சண்டையும் இல்லை, 'உண்மையான கடைசி'யும் இல்லை. நான் புது நாவலை ஒப்படைத்திருந்தேன்.

ஒரு செவ்வாய்க்கிழமை காலையில் அந்தப் பெண் என் முன்னால் வந்து நின்றாள். "இருபத்திரண்டாம் அத்தியாயத்துல சனிக்கிழமை போட்ட திருத்தம் ஒண்ணும் இல்லீங்க சார்" என்றாள். அவள் முகம் வெளுத்திருந்தது. பழைய நாள் அவள் கண்ணில் நின்றது எனக்குத் தெரிந்தது. நான் ஒன்றும் சொல்லவில்லை. சொல்லாமல் இருந்தது பெருந்தன்மை அல்ல. 'கரிக்கோடு இருக்கிறது, இந்தத் தடவை தப்ப முடியாது' என்ற எண்ணம். பையனுக்குப் போன் செய்தேன். அவன் தன் இடத்திலிருந்தே பெட்டிக்குள் புகுந்து குறிப்பைப் பார்த்தான்.

"மாமா, ஸ்பீக்கர்ல இருக்கேனா?"

"ஆமாம், சொல். எல்லோரும் கேட்கட்டும்."

அவன் சற்றுத் தயங்கினான். பிறகு சொன்னான். அந்தக் கோப்பைக் கடைசியாக எழுதியது திங்கட்கிழமை காலை பத்து மணி பன்னிரண்டு நிமிஷத்துக்கு. எழுதிய பெயர், என் பெயர்.

வாசகர்களே, அந்த ஒரு நிமிஷத்தில் எனக்கு எல்லாம் ஞாபகம் வந்தது. வெள்ளிக்கிழமை மாலை அந்த அத்தியாயத்தை என் மடிக் கம்ப்யூட்டரில் பிரதி எடுத்துக்கொண்டு போனேன். சனியும் ஞாயிறும் வீட்டில் நாலு இடத்தில் திருத்தினேன். அதே சனிக்கிழமை அவள் இங்கே பெட்டியில் இருந்த பிரதியில் நாற்பது திருத்தம் போட்டிருக்கிறாள். திங்கட்கிழமை காலையில் நான் வந்து என் பிரதியை அதன் தலையில் வைத்தேன். அப்போது கோப்பு யாரும் திறக்காமல் கிடந்தது. ஆகையால் பூட்டு குறுக்கே வரவில்லை. 'இங்கே இதே பெயரில் ஒரு கோப்பு இருக்கிறது. அதை நீக்கிவிட்டு இதை வைக்கலாமா?' என்று யந்திரம் கேட்டது. நான் படிக்காமலே 'ஆகட்டும்' என்று தட்டினேன்.

சனிக்கிழமை இரவுப் பிரதி வெளி வட்டில் பத்திரமாக இருந்தது. பத்து நிமிஷத்தில் அவளுடைய நாற்பது திருத்தங்களும் திரும்பி வந்தன. என் நாலையும் அவளே சேர்த்துவிட்டாள். காரியம் முடிந்தது. சிநேகிதர் "போகட்டும் சார், மனுஷனுக்கு மறதி சகஜம்" என்றார்.

ஆனால் நான் நாற்காலியை விட்டு எழுந்திருக்கவில்லை. பதினான்காம் அத்தியாயம் தொலைந்த வாரத்தில் என் சட்டைப் பையில் பென் டிரைவ் இருந்தது. அதை வீட்டுக்குக் கொண்டுபோனேன். கொண்டுவந்தேன். 'ஆகட்டும்' என்று தட்டினேன். அந்த நாளில் கரிக்கோடு கிடையாது, நிரூபிக்க முடியாது. ஆனால் எனக்கு நிரூபணம் வேண்டியிருக்கவில்லை. கடைசியாகத் தொட்ட கை எது என்று என் கைக்குத் தெரிந்துவிட்டது.

மத்தியானம் எல்லோரும் சாப்பிடப் போன பிறகு அவளிடம் போய் நின்றேன். நாவல்களில் எத்தனையோ பாத்திரங்களை மன்னிப்புக் கேட்க வைத்திருக்கிறேன். சரளமாகப் பேசுவார்கள். எனக்கு நாக்கு எழவில்லை. "அம்மா, அன்றைக்கு அந்தப் பதினான்காம் அத்தியாயம்... அதையும் நான்தான் அழித்திருக்கிறேன். உன்னைத் திட்டினேன். தப்பு" என்றேன்.

அவள் டிபன் டப்பாவை மூடினாள். "எனக்குத் தெரியுங்க சார்" என்றாள்.

"தெரியுமா? அப்போதே ஏன் சொல்லவில்லை?"

"சொன்னேனே சார், நான் அழிக்கலைன்னு."

அதற்கு நான் என்ன சொல்ல முடியும்? சொல்லத்தான் செய்தாள். கேட்பதற்கு ஒரு ஏற்பாடு அந்த அறையில் இல்லை. பெட்டி வந்து, எழுதி, பெயரோடும் மணியோடும் ஒப்பித்த பிறகு நம்பினேன். ஒரு மனுஷி வாயால் சொன்னதை நம்பவில்லை.

திரும்பி நடக்கப் போனவனை அவள் நிறுத்தினாள். "சார், அந்தப் பக்கம் புத்தகத்துல வேற மாதிரி இருக்குங்களே. அந்த அம்மா முந்தானை முடிச்சை அவுத்து, பொண்ணு ஊருக்குத் திரும்பறதுக்கு பஸ்ஸுக்குக் காசு எடுத்துக் கொடுப்பாங்க. அது இல்லையே?"

எனக்கு உடம்பு சிலிர்த்தது. அந்த முடிச்சை நான் மறந்தே போயிருந்தேன். திரும்ப எழுதியபோது தாயாருக்கு நீளமாக ஒரு பேச்சுக் கொடுத்திருந்தேன். ஆனால் அந்த இரவில் எனக்கு வந்த பக்கத்தில் அவள் பேசவே இல்லை, முடிச்சைத்தான் அவிழ்த்தாள். என் மறதியும் அவசரமும் அழித்துவிட்ட பக்கம், அதை ஒரே ஒரு தடவை அடித்த பெண்ணின் மனத்தில் இருந்தது.

"உனக்கு இன்னும் என்ன ஞாபகம் இருக்கிறது?" என்று கேட்டு நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டேன். அவள் யோசித்து யோசித்துச் சொன்னாள். சொற்கள் இல்லை, காரியங்கள் இருந்தன. கட்டிலுக்கு அடியில் வைத்த செம்பு, ஜன்னல் வழியாகக் கேட்ட ஐஸ்காரன் மணி, முடிச்சு இறுகிப்போய் அவிழாமல் பல்லால் கடித்தது. நான் எழுதிக்கொண்டேன். அந்த நாவலின் அடுத்த பதிப்பில் அந்தப் பக்கம் இருக்கும்.

அன்று மாலை பையனுக்குப் போன் செய்து, என் நாவல் அறையின் உரிமையில் ஒரு மாற்றம் செய்யச் சொன்னேன். "எழுத்தில் இருப்பதை நான் வாசிக்க மட்டும், எழுதும் உரிமை அவளுக்கு" என்றேன். அவன் சிரித்தான். "நிஜமாவா மாமா?" என்றான். நிஜமாகத்தான். இப்போது என் திருத்தங்களைத் தாளில் எழுதி அவள் மேஜையில் வைக்கிறேன். தாள்களைப் பழைய பேப்பர்காரனுக்குப் போடுவதில்லை.